மாடிக்காரர் ஓட்டிய நானூறு கிலோமீட்டர்

கிடங்கில் அவருக்கு மாடிக்காரர் என்று பெயர். சொந்தமாக மாடி வீடு எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் மூன்றாவது மாடியில் இரண்டரை அறை வாடகை வீடு. பெயர் வந்தது வேலையால். இரும்புத் தகடுச் சுருள்களைத் தூக்கி வைக்கும் பெரிய கிரேனில், தொண்ணூற்றாறு படி கொண்ட செங்குத்து ஏணியில் ஏறி, மேலே தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் மாலை வரை இறங்கமாட்டார். சாப்பாட்டையும் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக உலகத்தை உச்சந்தலை உச்சந்தலையாகவே பார்த்த மனிதர். கீழே யாருக்கு வழுக்கை விழத் தொடங்கியிருக்கிறது என்பது அவரவர் பெண்டாட்டிக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த மனிதர் ஒருநாள் காலையில் குளியலறைக் கதவைப் பிடித்தபடி வியர்த்து நின்றார். ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து நாளும் அவர் மனைவி, "வெறும் வாய்வுங்க, டாக்டரே சிரிக்கறாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சுபாவம் அப்படி. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு காலர். வெளியே விறைப்பாக நிற்க வேண்டுமானால் உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தொழில். வீட்டிலும் யார் தலை தொங்கினாலும் உள்ளே ஒரு சின்னப் பொய்யை வைத்துத் தைத்து நிமிர்த்திவிடுவாள்.

கிடங்குக் கம்பெனியின் டாக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். மாடிக்காரரையும் மனைவியையும் உட்காரவைத்து விளக்கமாகவே சொன்னார். "ஏணி ஏறணும்னா நெஞ்சு தாங்குமான்னு பார்க்கணும். ஓட விட்டுப் பார்க்கிற மெஷின் எட்டு மாசமா ரிப்பேர். அதனால வீட்டுக்கு ஒரு சைக்கிள் அனுப்பறோம். நின்ன இடத்துலயே மிதிக்கறது. தினம் பத்து கிலோமீட்டர், நாப்பது நாள் லீவுல நானூறு. மீட்டர் நானூறு காட்டினா நான் மேல ஏற கையெழுத்துப் போடறேன். ஆனா அவசரம் வேண்டாம். மூணு முடிஞ்சா மூணு. அது தானா நாலாகும், அஞ்சாகும். நாப்பது நாள்ல முடியலன்னா எம்பது நாள் ஆகட்டும், அதுவரைக்கும் கேட்ல உட்காருங்க."

டாக்டர் சொன்னதில் குறையே இல்லை. ஆனால் அவர் சொன்ன அத்தனையிலும் அந்தப் புருஷன் பெண்டாட்டி காதில் விழுந்தவை இரண்டே சொல்: நானூறு, கேட். கேட் என்றால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுவது. இத்தனை வருடம் மேலிருந்து பார்த்த உச்சந்தலைகளுக்கெல்லாம் இனிமேல் எழுந்து நின்று வணக்கம் போடுவது. வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர், "கேட்ல உட்கார்றதுக்கு ஆஸ்பத்திரியிலயே போயிருக்கலாம்" என்றார்.

சைக்கிளை இரண்டு பேர் முக்கி முனகி மூன்று மாடி தூக்கி வந்து, துணி காயப்போடும் பின்பக்கத்து பால்கனியில் வைத்துவிட்டுப் போனார்கள். சக்கரம் ஒன்றுதான், அதுவும் தரையைத் தொடாது. கைப்பிடிக்கு நடுவில் சின்ன மீட்டர். யாரும் திருகி மாற்றாமல் இருக்க அதன் மேல் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் மாடிக்காரருக்கும் மீட்டருக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது. கூண்டில் இருக்கிறவனுக்கு உடம்பு பொய் சொல்லும். காற்றில் கூண்டு ஆடும், கையில் லீவர் வெண்ணெய் போல நகரும், தொங்குவது எட்டு டன்னா எண்பது கிலோவா என்று கைக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கை 'லேசு' என்றது, மீட்டர் 'கனம்' என்றது. அவர் கையை நம்பினார். கம்பிவடம் அறுந்து சுருள் விழுந்து, சூப்பர்வைசரின் புது ஸ்கூட்டர் தகடாகிவிட்டது. ஆள் தப்பியது அதிர்ஷ்டம். அன்றைக்குப் பிடித்த பாடம்: உடம்பு என்ன சொன்னாலும் கேட்காதே, மீட்டர் சொல்வதைக் கேள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் இதைச் சொல்லி அனுப்பாமல் விட்டதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை நேரத்தில் மணிக்கொரு தரம் கணக்குப் பார்க்கமாட்டார். நாள் முடியும்போது ஒரே தடவை மீட்டர் பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடுவார். சைக்கிளுக்கும் அதே சட்டம் என்று முதல் நாளே அறிவித்துவிட்டார். காலையில் ஒரு மிதி, மாலையில் ஒரு மிதி, ஏழு மணிக்கு மீட்டர். மிதிக்கும்போது வியர்க்கும் என்று கண்ணாடியைக் கழற்றிவிடுவார். மேலே இருந்து லாரி நம்பர் படிக்கிற கண்ணுக்கு மூக்குக்குக் கீழே இருக்கும் எண் தெரியாது.

முதல் நாள் காலையில் எட்டு நிமிடம் மிதித்தார். மாலையில் ஏழு நிமிடம். இறங்கியபோது உதடு சாம்பல் பூத்திருந்தது. "எவ்வளவு ஆயிருக்கும்? ஆறேழு தேறுமா?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்குப் பாத்துக்கங்க. முதல்ல கொஞ்சம் படுங்க" என்றாள் அவள்.

அவர் கண்ணயர்ந்ததும் போய்ப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஆறு. ஏழு மணிக்கு இந்த எண்ணைப் பார்த்தால் அந்த முகம் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தாள், அவளால் முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் சைக்கிளே ஓட்டாதவள். முழங்கால் இரண்டும் பழைய கதவு மாதிரி சத்தம் போட்டன. ஆறரை கிலோமீட்டர் மிதித்துவிட்டு, இறங்கியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழு மணிக்கு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒன்பது புள்ளி ஒன்று. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் அத்தனை நாளாகப் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாள்தானே, தேறுகிற வரைக்கும் ஒரு கை கொடுத்தால் என்ன என்று நினைத்தாள். ஆனால் இரண்டாம் நாள் அவள் எதிர்பார்த்ததற்கு மேல் இரண்டு கூடியிருந்தது. மூன்றாம் நாள் நாலு. மீட்டருக்கு என்ன வந்தது என்று குழம்பினாள். நாலாம் நாள் அவளுடைய சட்டைக் கம்பெனியில் கரண்ட் போய், பதினோரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் மாடிக்காரர் கீழே முடிதிருத்தும் கடையில் பேப்பர் படிக்கப் போயிருப்பார். கதவைத் திறந்து உள்ளே வந்தால் பால்கனியில் கிர்ரென்று சத்தம். மூக்குக் கண்ணாடிக் கடையில் மத்தியான ஷிஃப்ட் பார்க்கும் மகள், வேலைக்குப் போகிற உடுப்போடு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. நேத்து பாவமா இருந்துச்சு. சேந்தாப்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல முடியல அவரால."

"சாயந்தரம் ஆறு கிலோமீட்டர் நான் மிதிக்கறேன்டி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வந்தது. வீட்டில் யாரும் சிரித்துப் பதினைந்து நாளாகியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, துணிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து சிரித்தார்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர் குளிக்கப் போனபோது ஆளுக்கொரு பக்கமிருந்து அம்மாவும் மகளும் பால்கனிக்கு ஓடினால், சைக்கிள் மேல் ஏற்கெனவே ஆள். மாடிக்காரரின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக், ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் சிகரெட்டுக் குடித்த மூச்சோடு படியேறுகிறவர். எதிர் வரிசையில் ஒற்றை அறையில் குடியிருந்தார். சாப்பாடு அண்ணி கையில். அவரும் வந்த நாளெல்லாம் ஒரு கிலோமீட்டர், அரை கிலோமீட்டர் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அண்ணனுக்காக இல்ல அண்ணி, சும்மா ஏறிப் பாத்தேன்" என்றார், மூச்சிரைக்க.

"சும்மா ஏறினவர் எதுக்கு சித்தப்பா சட்டைய கழட்டி வெச்சிருக்கீங்க" என்று மகள் கேட்டாள்.

கேட்ட பிறகுதான் மூவருக்கும் உறைத்தது. அந்தப் பெண் சித்தப்பாவோடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளை ஒரு பையனோடு பேருந்து நிறுத்தத்தில் பார்த்ததை அண்ணனிடம் போட்டுக்கொடுத்த குற்றம். அந்த இரண்டு வருடமும் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான் கேட்பாள். அது அன்றைக்கு ஒரு சைக்கிளில் உடைந்துபோனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் செஞ்சது தப்புதான் பாப்பா" என்றார். அவள், "இறங்குங்க, உங்க ஷிஃப்ட் முடிஞ்சிது" என்றாள்.

அன்றிலிருந்து ஷிஃப்ட் முறையாக நடந்தது. விடிகாலையில் அவர் எழுவதற்கு முன் தம்பி, பதினோரு மணிக்கு மகள், மாலையில் அவர் கண்ணயர்ந்ததும் மனைவி. அன்றன்றைக்குக் கூடுகிற எண் பத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மிதிக்க, அந்நேரம் வீட்டில் இருக்கிற மற்றவர்கள் துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை. கடையில் வந்த கிழவர் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்ட கதை, லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேனேஜர் உள்ளேயிருந்தே வேலையை ராஜினாமா செய்த கதை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு ஒருவரையொருவர் அப்போதுதான் அறிமுகமானது போல இருந்தது. மனைவிக்கு முழங்கால் வலி விட்டது. மூன்று மாடியும் நிற்காமல் ஏறினாள். தம்பி சிகரெட்டை நாலிலிருந்து ஒன்றாக்கினார். மகளுக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்தது. சைக்கிள் மிதித்தால் உடம்பு தேறும், குடும்பம் ஒட்டும் என்று சொல்கிறார்களே, அதில் பொய்யே இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் தேறினார்கள், நோயாளியைத் தவிர.

முதல் வாரம் அவரும் உண்மையிலேயே தேறத்தான் செய்தார். இரண்டு புள்ளி ஆறு மூன்றாயிற்று, பசி எடுத்தது. அவருடைய மூன்றை மூன்றாகவே விட்டிருந்தால் அது டாக்டர் சொன்னபடி நாலாகியிருக்கும், கேட்டில் உட்கார்ந்து நாலு மாதத்தில் நானூறும் அவர் காலாலேயே வந்திருக்கும். விட்டார்களா? அன்பு வந்து கண்ணை மறைத்தது. நெஞ்சு பிசைகிற நாளில் அவர் ஒரு கிலோமீட்டரிலேயே இறங்கிவிடுவார். அன்றைக்கும் ஏழு மணிக்குப் பத்து கூடித்தான் காட்டும். நெஞ்சு ஒன்று சொன்னது, மீட்டர் ஒன்று சொன்னது. எதை நம்புவது என்பது அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். "ஒரு மாதிரி அழுத்தற மாதிரி இருக்கு, ஆனா பாரு, பத்து ஓட்டியிருக்கேன். வாய்வாத்தான் இருக்கும்" என்பார். வாய்வு என்ற சொல்லை அவருக்குக் கொடுத்தவளே அவள்தான். மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அவர் குறைக்கக் குறைக்க இவர்கள் கூட்டினார்கள்.

முப்பத்தாறாம் நாள் மாலை அவள் வேலையிலிருந்து திரும்பி வந்தபோது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க?"

"செருப்பு வார் அறுந்துபோச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். வார் அறுந்திருக்கவில்லை. அவரும் அவள் பார்த்ததைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து அவர் எழுந்து, ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினார். அவள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனாள். பதினெட்டுப் படி. கிரேன் ஏணியில் தொண்ணூற்றாறு. அதில் உட்கார இடம் கிடையாது. இவரை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கொல்லப் போகிறோம் என்று அவளுக்கு அந்தப் பதினெட்டாவது படியில் தெரிந்துவிட்டது.

மூன்று நாள் வாயைத் திறக்க வார்த்தை தேடினாள். நாற்பதாம் நாள் காலை, டாக்டரிடம் போக வேண்டியதற்கு முந்தின நாள், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். மாடிக்காரர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தம்பிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அவர் இருந்த சந்தோஷத்தில் மேசையே லேசாக ஆடியது. "கிடங்குல இதுவரைக்கும் மூணு பேருக்கு இந்த சைக்கிள் குடுத்திருக்காங்க. ஒருத்தனும் நூறைத் தாண்டல" என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "அதுல எம்பதுகூட உங்களோடது இல்லைங்க."

அவர் நிமிர்ந்தார்.

"நான்தான் மிதிச்சேன். பாப்பா மிதிச்சா, தம்பி மிதிச்சாரு. முதல் நாள்லேர்ந்தே. நீங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு செஞ்சோம். நாளைக்கு டாக்டர்கிட்ட போகாதீங்க. மேல ஏறினா தாங்காது. நான் படியில பாத்தேன்."

அவர் நோட்டின் மேல் கையை விரித்து வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. குழந்தையிடம் கேட்பது போல மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, நீ மிதிச்சியா?"

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நோட்டின் மேல் விரித்து வைத்திருந்த கையைப் பார்த்தாள். "இல்லப்பா" என்றாள். "அம்மா பயத்துல சொல்றாங்க."

"நீ?"

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்கண்ணா அந்தப் பக்கம் போனேன். அண்ணிக்கு நீங்க ஏணி ஏறறதுன்னா எப்பவுமே பயம்."

நாற்பது நாளாக ஒரு சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டிய குடும்பம், ஒட்டியபடியே அவளுக்கு எதிராக நின்றது. மாடிக்காரர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "ஆஸ்பத்திரியில வாய்வுன்னு சொன்னவதானே நீ. நான் நல்லா இருக்கணும்னு நீ எது வேணா சொல்லுவ, எனக்குத் தெரியாதா" என்றார். அத்தனை பிரியமாக அவர் அவளிடம் பேசிப் பல வருடமாகியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஓர் உண்மையைச் சொன்னால், அதற்கு அவள் பொய்களே சாட்சியாக வந்து எதிரில் நின்றன.

அவர் முடிதிருத்தும் கடைக்குக் கிளம்பியதும் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். மகள் அழுதாள். "அப்பா மூஞ்சியப் பாத்தியாம்மா? நான் எப்படி சொல்வேன்?" தம்பி சொன்னார்: "ஒரு நாள் ஏறி இறங்கட்டும் அண்ணி. மானம் காப்பாத்தினதா இருக்கட்டும். அப்புறம் நானே சூப்பர்வைசரைப் பாத்துப் பேசி மெதுவா கீழ இறக்கிடறேன்." ஒரு நாள்தானே என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இந்தக் கதையில் எல்லாம் ஒரு நாள்தானே என்றுதான் நடந்தது.

மறுநாள் அவளும் கூடப் போனாள். மீட்டர் நானூற்று இரண்டு காட்டியது. முந்தின நாளும் யாரோ மிதித்திருக்கிறார்கள், யார் என்று அவள் கேட்கவில்லை. சைக்கிளைத் தூக்க வந்த ஆள் மீட்டர் எண்ணையும் முத்திரையையும் குறித்துக்கொண்டு போயிருந்தான். டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். மாத்திரை சாப்பிடுகிற உடம்பு படுத்த நிலையில் நன்றாகத்தான் இருந்தது.

"நானூத்தி ரெண்டு. நான் நம்பவே இல்ல" என்றார் டாக்டர். "வீட்ல ஒத்துழைப்பு இருந்தாதான் இது முடியும். என்னம்மா, நீங்கதானே கூட நின்னது?"

இதோ, கேட்கிறார். சொல்லிவிடு. அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொன்னால் கம்பெனியை ஏமாற்றியவர் என்று பெயர் வரும். மேலேயும் கிடையாது, கேட் வேலையும் கிடையாது, இருபத்திரண்டு வருடமும் பொய்யன் என்ற ஒரு சொல்லில் போகும். பொய்யென்றே தெரியாமல் பொய்யராகிவிட்ட மனுஷன். அவள் திறந்த வாயாலேயே, "ஆமாங்க" என்றாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த "ஆமாங்க"வை அவள் பிற்பாடு எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். ஏணியில் ஏழெட்டு இடத்தில் நின்று ஏறினாராம். கீழே கைதட்டினார்களாம். மேலே போய்க் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கையை வெளியே நீட்டி ஆட்டினாராம். இரண்டு சுருள் எடுத்து லாரியில் வைத்தார். மூன்றாவதை நூல் பிசகாமல் அதன் இடத்தில் இறக்கினார். கொக்கியை அவிழ்த்துவிட்டுக் கீழே இருந்தவன் கை காட்டினான். கொக்கி மேலே போகவில்லை. கத்திப் பார்த்தார்கள், விசில் அடித்தார்கள். உயிரில்லாத ஒரு மனிதரை அந்த ஏணி வழியாக இறக்க முடியாமல், பெல்ட்டால் கட்டி இறக்க இரண்டு மணி நேரம் ஆனது. லீவர் நடு நிலையில் இருந்தது என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து சொன்னார். கடைசி மூச்சிலும் யார் தலையிலும் எதையும் போடாத மனுஷன் என்று சொல்லி அழுதார். அவள் அழவில்லை. அழுகிற உரிமை தனக்கு உண்டா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தம்பி இரண்டு நாள் இருந்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் கூடத்தில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிப்பாள். தட்டை முன்னால் வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாம் நாள் அவள் கையில் வளையல் முழங்கை வரை ஏறியது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஊட்டிப் பார்த்தாள். ஒன்றைக் கொடுத்தாயிற்று, இன்னொன்றும் போகப் போகிறதா என்று பயந்தாள்.

ஏழாம் நாள் காலை கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். வயதானவர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கொடுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வருத்தம் சொன்னார். பிறகு, "ஒரே ஒரு கேள்விதாம்மா. எழுதியாகணும், அதனால கேக்கறேன். அந்த சைக்கிளை தினமும் அவரேதான் ஓட்டினாரா?" என்று கேட்டார்.

சுவரோரத்தில் மகள் தலை நிமிர்ந்தது. உதடு பிரிந்தது. ஆறு நாளாக அவள் தொண்டையில் நின்றிருந்தது வெளியே வரப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்திருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

"அவரேதான் ஓட்டினாரு" என்று அம்மா முந்திக்கொண்டாள். "நானூத்தி ரெண்டும் அவரே."

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை மூடிக்கொண்டு, அப்படியானால் பயிற்சியில் குறை இல்லை, ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் வாசல்வரை போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா" என்றாள் மகள். குரலே இல்லை. "அன்னிக்கு நீ சொன்னதுதானேம்மா நெசம்."

அவள் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லடி. நீ சொன்னதுதான் நெசம். நான்தான் அன்னிக்குப் பயத்துல என்னென்னவோ சொல்லிட்டேன். நீங்க மிதிச்சதெல்லாம் ஒரு பத்து இருபது இருக்கும். மிச்சம் பூரா அப்பாவோடது. நான் நோட்டைப் பாத்தேன்."

மகள் நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளா, அது அவளுக்கே வெளிச்சம். தலையை அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டாள்.